அத்தையைத் தெரியுமா என்று கேட்டார்கள்

இருபத்துமூன்றாவது வயதில் நான்கு மாதங்கள் நான் "தெரியும்" என்ற சொல்லை வாயால் சொல்லாமல் வாழ்ந்தேன். அந்த வயதில் சிலர் மரக்கறிச் சாப்பாட்டுக்கு மாறுவார்கள், சிலர் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் போடுவார்கள். என்னைப் பிடித்தது ஐயவாதம்.

பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்துக்கொண்டிருந்தேன். (ஏன் மெய்யியல் என்று கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் அது மூன்றாவது தெரிவு. முதல் இரண்டும் கிடைக்கவில்லை.) இறுதி வருடத்தில் அறிவைப் பற்றி ஒரு பாடம். விரிவுரையாளர் குரல் உயராத மனிதர். முதல் நாள் வந்து நின்று, "உங்களுக்கு இரண்டு கைகள் இருக்கின்றன என்று தெரியுமா?" என்று கேட்டார். எல்லாரும் தெரியும் என்றோம். "இப்போது நீங்கள் கனவு காணவில்லை என்று தெரியுமா? கனவிலும் கைகள் இதே மாதிரித்தானே இருக்கும்?" முன் வரிசையில் ஒருவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "கனவில்லை என்று தெரியாது. அப்படியானால் கைகள் இருக்கின்றன என்று மட்டும் எப்படித் தெரியும்?"

மற்ற மாணவர்கள் சிரித்துவிட்டு கன்டீனுக்குப் போய் இரண்டு கையாலும் சாப்பிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு காலமும் எதையுமே அறியாமல் எவ்வளவு துணிச்சலாக வாழ்ந்திருக்கிறோம் என்று நினைத்து அன்று முழுக்க மனது படபடத்தது. அடுத்த வாரமும் அதே பாடம், அதே படபடப்பு. மூன்றாவது வாரம் அதற்கான பதில் வரும் என்று சொன்னார்கள். பதில் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. காய்ச்சல் என்று சொல்லி ஒரு வாரம் முன்னதாகவே விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த ஒரு விரிவுரையைத் தவறவிட்டதன் பலனைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தோட்டம் தெரணியகலையிலிருந்து முச்சக்கர வண்டியில் இருபத்தைந்து நிமிட ஏற்றம். கீழே றப்பர், மேலே தேயிலை. வீட்டுக்கு வந்த என்னிடம் அம்மா, "கறிக்கு உப்பு போதுமா பாரு" என்றால், "போதும் போலத் தோணுது" என்பேன். "அப்பா வந்துட்டாரா?" என்றால், "வந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு" என்பேன். அப்பா எனக்கு முன்னால் நின்று தலை துவட்டிக்கொண்டிருப்பார்.

"புள்ளைக்கு படிச்சு படிச்சு மண்டையில சூடு ஏறிருச்சுங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார். "சனிக்கெழம நல்லெண்ண வச்சு முழுக வைக்கணும்."

முழுக வைத்தார். குணமாகவில்லை.

அந்த நிலையில்தான் பாக்கியம் அத்தை என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

பாக்கியம் அத்தை என் அப்பாவின் அக்கா. தோட்டத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர். மாமா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அத்தை தனியாக இருந்த அறையின் பின்சுவரில், முந்தைய வருட மழைக்கு மலை அசைந்ததில், கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்து, சுவரில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, இங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போவதற்கு வேறு இடம் இல்லாததால் அத்தை அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் ஒரு சாமி படத்தை மாட்டி வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

பிறகு பழைய நாற்றுமேட்டில் பன்னிரண்டு வீடுகள் கட்டினார்கள். வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி, உறுதிப் பத்திரத்தோடு. எங்கள் குடும்பத்தில் யார் பெயரிலும் அதுவரை ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. பட்டியலில் அத்தை பெயர் இருந்தது. ஆனால் ஒரு சின்னச் சிக்கல். அத்தையின் அடையாள அட்டையில் இருந்த பிறந்த வருடமும், பிறப்புச் சான்றிதழில் இருந்த வருடமும் ஒத்துப்போகவில்லை. இரண்டு வருட வித்தியாசம். சான்றிதழின்படி அத்தைக்கு வயது கூட.

"ஐடென்டிகாட்டு அடிச்சவனுங்க தப்பா அடிச்சுட்டானுங்க" என்று அத்தை ஆண்டாண்டு காலமாகச் சொல்லி வந்தார். தோட்டத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு குளறுபடி இருக்கும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஜிஎஸ் என்று நாங்கள் சொல்லும் கிராம சேவகரும் வழி சொன்னார்: பிரதேச செயலகத்தில் ஒரு விசாரணை நடக்கும், அத்தையை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் வந்து, இரண்டு கடதாசியிலும் இருப்பவர் இவர்தான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தால் போதும்.

"ஒருத்தரு நம்ம நாசர் நானா. கடைய பூட்டிட்டு வாறேன்னு சொல்லிட்டாரு" என்றார் அத்தை. "இன்னொருத்தரு படிச்ச ஆளா இருந்தா நல்லம்னு ஜிஎஸ் மாத்தியா சொன்னாரு. நம்ம தோட்டத்துல ஒன்னவிட படிச்ச ஆளு யாரு இருக்கா? நீ வந்து தெரியும்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

எந்த வார்த்தையை நான் இரண்டு மாதமாகச் சொல்லாமல் இருந்தேனோ, அதே வார்த்தை.

போகும்போது பஸ்ஸில் அத்தை முன் இருக்கை, பின் இருக்கை எல்லாருக்கும் என்னைக் காட்டினார். "என் தம்பி மக. கெம்பஸ்ல படிக்குது. எனக்கு சாச்சி சொல்ல வருது." சிங்களத்திலும் ஒருமுறை சொன்னார், நடத்துநருக்காக. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, சாட்சி என்பதன் அறிவுத் தகுதி என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். (ஜன்னலோரம் இருந்த அந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணை இப்போது நேரில் சந்தித்தால் என்ன செய்வேன் என்று சில நேரம் யோசிப்பதுண்டு. காதைப் பிடித்துத் திருகுவேன்.)

விசாரித்த அதிகாரி சிங்களப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். அரசாங்கம் நடத்திய தமிழ் வகுப்பில் படித்து, பாடப்புத்தகம் மாதிரி ஒரு தமிழ் பேசினார். மேசையில் அத்தையின் அடையாள அட்டையையும், மடிப்பில் கிழிந்து ஒட்டுப்போட்ட பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். முதலில் நானாவைக் கேட்டார்.

"இந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

நாசர் நானா டவுனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அந்தக் கேள்வி அவருக்குக் கொஞ்சம் அவமரியாதையாகவே பட்டது.

"என்ன மிஸ் இப்பிடி கேக்குறீங்க? முப்பது வருஷமா எங்கட கடைக்கி வாறவங்க. இவங்கட கல்யாணத்துக்கு அரிசி குடுத்ததும் நாங்கதான், மகன்ட பேரு வைக்கிறதுக்கு சீனி குடுத்ததும் நாங்கதான். இவங்கள தெரியாட்டி எனக்கு வேற யாரத்தான் தெரியும்?"

"நல்லது. கையெழுத்து வையுங்கள்."

ஒரு நிமிடம் ஆகவில்லை. அடுத்து நான். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பெருமையாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இந்த இரண்டு ஆவணங்களிலும் இருப்பவர் இவர்தான் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"அது, தெரியும் என்பதற்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது, மிஸ்" என்றேன்.

அத்தை புன்னகையோடு தலையாட்டினார். படித்தவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எனக்கு அப்படித் தோன்றுகிறது. நம்புகிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் தெரியும் என்று சொல்வதானால், வேறு விதமாக இருக்கக்கூடிய சாத்தியங்களை எல்லாம் நான் விலக்கியிருக்க வேண்டும்."

"என்ன சாத்தியங்கள்?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கனவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அலுவலகத்துக்கு அது பொருந்தாது என்று எனக்கே பட்டது. அதனால் இடத்துக்கு ஏற்ற மாதிரி, எளிமையாக, ஓர் உதாரணத்தை அந்தக் கணத்தில் உண்டாக்கினேன். நல்ல உதாரணம் என்று மனதுக்குள் என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

"உதாரணத்துக்கு, இவருக்கு முன்னால் இதே பெயரில் ஓர் அக்கா பிறந்து இறந்திருக்கலாம். அந்தக் குழந்தையின் சான்றிதழைத்தான் இவர் இவ்வளவு காலமும் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் என் கண்ணுக்கு இவர் இதே அத்தையாகத்தானே தெரிவார்?"

மிஸ் பேனாவை மேசையில் வைத்தார். இரண்டு வருடங்களையும் ஒருமுறை பார்த்தார்.

"அப்படி ஓர் அக்கா இருந்தாரா?"

"தெரியாது, மிஸ்."

"இருக்கவில்லை என்று தெரியுமா?"

எங்கள் விரிவுரையாளர் கேட்கும் அதே கேள்வி! வகுப்பில் இருந்த இருபது பேருக்கும் புரியாதது இந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"அதுவும் தெரியாது" என்றேன் உற்சாகமாக.

அத்தையின் புன்னகை எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. "மிஸ், இது சின்னப் புள்ளங்க. கெம்பஸ்ல என்னத்தையோ படிச்சுட்டு..." என்று அத்தை எழுந்துவிட்டார்.

"படித்த பிள்ளை என்பதால்தான் யோசிக்கிறேன், அம்மா" என்றார் மிஸ். கடுமையாகச் சொல்லவில்லை. "சொந்த வீட்டு ஆளே இப்படிச் சொன்ன பிறகு நான் எப்படிக் கையெழுத்து வைப்பது? விசாரிக்க வேண்டும்." பிறகு சிங்களத்தில் லிகிதரிடம், அந்தப் பைலைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார்.

வெளியே வந்து மூன்று பேரும் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலிருந்த கடைக்குப் போனோம். அத்தை இரண்டு பிளேன்டீ சொன்னார். ஒன்று நானாவுக்கு, ஒன்று தனக்கு. நானாவுக்கு மனது கேட்கவில்லை. தன் கிளாஸிலிருந்து பாதியை எனக்கு ஊற்ற வந்தார்.

"விடுங்க நானா" என்றார் அத்தை. "அது டீயா என்னன்னு அதுக்கு தெரியாது."

அந்தப் பிரயாணத்தில் அத்தை பேசிய கடைசி வார்த்தை அதுதான். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் இறங்கும் வரை நின்றுகொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் சீட்டுக் குலுக்கி வீடுகளைக் கொடுத்தார்கள். பைல் முடிந்த பதினொரு பேருக்குச் சீட்டு. ரோட்டோரத்து மூலை வீடுதான் எல்லாருக்கும் ஆசை. அது பக்கத்து லயத்துக் குடும்பத்துக்கு விழுந்தது. பெயர் படிக்கப் படிக்க அத்தை கைதட்டிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் கைதட்டினார். மிஞ்சியது மேட்டின் உச்சியில் இருந்த பன்னிரண்டாவது வீடு. அறுபத்துமூன்று படி ஏற வேண்டும் என்பதால் அது மிஞ்சியதில் எல்லாருக்கும் சந்தோஷம். "அது பாக்கியத்துக்கு இருக்கட்டும், அவ பாக்கியம்தான்னு தெரிஞ்சதும் குடுப்போம்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மண்டபமே சிரித்தது. அத்தையும் சிரித்த மாதிரித்தான் இருந்தது. அப்பா மட்டும் எழுந்து வெளியே போனார்.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அறிவுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை அழகாக விளக்கியிருப்பேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

பிறகு மழை வந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: சிவப்புக் கோடு போட்ட லயங்களில் இருப்பவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே மிஞ்சியிருந்தது அத்தையும் இன்னும் இரண்டு குடும்பங்களும்தான். நான் கேட்காமலே போய் அத்தையின் மூட்டையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. மூன்றாம் வகுப்பு அறையில் வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் பேசினாலும் கேட்காது. அதனாலோ என்னவோ, ஆறு வாரத்துக்குப் பிறகு அத்தை என்னிடம் வாய் திறந்தார்.

"அந்த மல சரியாதுன்னு ஒனக்கு தெரியுமா?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை "தெரியாது" என்று சொல்லியிருந்தேன். அன்றைக்குத்தான் அதைச் சொல்லும்போது பயமாக இருந்தது.

"தெரியாது அத்தை."

"எனக்கும் தெரியாது. அதான் வீட்ட விட்டுட்டு இங்கன வந்து குந்திக்கிட்டிருக்கேன்." மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு அந்த மிஸ்ஸு கேட்டதும் இதுவும் ஒன்னாடி? நான் யாருன்னு ஒனக்கு தெரியாதா? பொறந்த அன்னிக்கு ஒன்ன தூக்குனவ நான்."

அழுதேன். அத்தை ஒரு துவாயை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, பக்கத்துப் பாயில் இருந்த குழந்தைக்குப் பால்மா கரைக்கப் போய்விட்டார்.

அன்று மாலை என் சிநேகிதிக்குச் செய்தி அனுப்பி, நான் தவறவிட்ட அந்த விரிவுரையின் குறிப்பைக் கேட்டேன். போனில் படம் பிடித்து அனுப்பினாள். இரண்டு பக்கம். தலைப்பு: சூழல்வாதம். அதில் எழுதியிருந்ததை என் பாஷையில் சொன்னால் இதுதான்: "தெரியும்" என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவு கிடையாது. கடையில் ஒரு அளவு, காரியாலயத்தில் ஒரு அளவு, மெய்யியல் வகுப்பில் வேறு அளவு. வகுப்பில் அளவை வானத்துக்கு உயர்த்திவிட்டு, கைகள் இருப்பதே தெரியாது என்று சொன்னால் அங்கே அது சரியாகவே இருக்கலாம். அதற்காகக் கடையில் நிற்கிறவன் "எனக்குத் தெரியும்" என்று சொன்னது பொய்யாகிவிடாது. இரண்டு பேரும் ஒரே சொல்லை இரண்டு அளவில் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்தச் சாத்தியத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைச் சூழல் முடிவு செய்கிறது. எவ்வளவு பெரிய விஷயம் அதில் தங்கியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூட விறாந்தையில் நின்று அதை மூன்று முறை படித்தேன். மூன்றாவது வாரமே சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தால் அத்தைக்கு மூலை வீடுகூடக் கிடைத்திருக்கலாம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்திருக்கும். முட்டாள்தனம் செய்தேன், புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் மழை ஓய்ந்து இரண்டு வாரத்தில் அத்தைக்குக் கடிதம் வந்தது. கேகாலையில் பழைய பதிவேடுகளைப் பார்க்க நேரில் வர வேண்டுமாம். அத்தை என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

அங்கிருந்த லிகிதர் வயதானவர், பொறுமையானவர். ஒரு பெரிய பதிவேட்டைத் தூசி தட்டி மேசையில் விரித்தார். அந்தக் காலத்துத் தோட்டப் பதிவுகள் ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. அவருக்குக் கண் சரியில்லை என்று பதிவேட்டை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

அது மரணப் பதிவேடு.

பெயர்: பாக்கியம். பெண். தகப்பன் பெயர், தாய் பெயர் இரண்டும் என் தாத்தா பாட்டியின் பெயர்கள். தோட்டத்தின் பெயர். வயது: எட்டு மாதம். காரணம்: காய்ச்சல்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அந்த வரியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் சொன்ன உதாரணம் அப்படியே நிஜமாகியிருந்தது. பரீட்சையில் ஊகித்து எழுதிய விடை சரியாகிவிட்ட மாதிரி ஒரு துள்ளல். அந்த முகத்தோடுதான் அத்தையின் பக்கம் திரும்பினேன்.

"என்னடி போட்டிருக்கு?"

சொன்னேன். முதல் குழந்தைக்குப் பாக்கியம் என்று பெயர் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். அது எட்டு மாதத்தில் இறந்துவிட்டது. அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். பெட்டியில்தான் ஒரு கடதாசி இருக்கிறதே என்று மறுபடி பதியவில்லை. அடையாள அட்டையில் இருந்த வருடம்தான் சரி. அத்தையின் பிறப்பு லிகிதர் தேடிய எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அத்தை பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசம்னா உக்காந்திருக்கும்" என்றார்.

என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"எங்க பொதச்சாங்கன்னு போட்டிருக்கா?"

"தோட்டம்னு மட்டும்தான் போட்டிருக்கு அத்தை."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா ஒரு வார்த்த சொல்லல்லியேடி. சாகுற வரைக்கும் சொல்லல்லியே. பாக்கியம், பாக்கியம்னு கூப்புடுறப்பல்லாம் அவளுக்கு எப்புடி இருந்திருக்கும்?"

லிகிதர் எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பி வரும்போது அத்தை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பழைய சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, மடிப்பை நீவி நீவி விட்டுக்கொண்டே வந்தார். இவ்வளவு காலமும் அதைத் தன்னுடையது என்று மற்றக் கடதாசிகளோடு ஒரு பையில் போட்டு வைத்திருந்தவர், வீட்டுக்கு வந்ததும் அதற்கு மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை கேட்டார்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் விரலை மடித்து ஏதோ கணக்குப் போட்டார். அத்தைக்கு அப்பாவிடம் எந்தக் காரியம் ஆக வேண்டுமென்றாலும், "ஒன்ன இடுப்புல தூக்கி வளத்தவ நான்" என்று ஒரு வசனம் சொல்வார். நான் பிறந்ததிலிருந்து கேட்கும் வசனம். அந்த ஒரு வசனத்தால் எங்கள் வீட்டு வானொலி, இரண்டு கதிரை, ஒரு சேவல் எல்லாம் அத்தை வீட்டுக்குப் போயிருக்கின்றன.

"அக்கா" என்றார் அப்பா. "ஐடென்டிகாட்டு கணக்கு சரின்னா நீ எனக்கு பதினோரு மாசம்தான் மூத்தவ."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"பதினோரு மாசத்துப் புள்ள என்னைய எப்புடி இடுப்புல தூக்குச்சு?"

அத்தை கோபமாகத்தான் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு புதிதாகப் பிறப்பைப் பதிய விண்ணப்பித்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் பிறப்பைப் பதிவது லேசான காரியம் இல்லை. பள்ளிக்கூடப் பதிவு, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவின் பழைய கொப்பி, கோயில் ஐயரின் கடிதம் என்று ஏழு மாதம் நானே அலைந்தேன். கடைசியில் மறுபடி அதே பிரதேச செயலகம், அதே மிஸ், அதே இரண்டு சாட்சிகள். நாசர் நானா இந்த முறை கடையை மகனிடம் விட்டுவிட்டு, "நீங்க பேசுறத பாக்கணும்னே வந்தன் புள்ள" என்றார்.

மிஸ் என்னை மறக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துத் தமிழில், நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"இந்த அம்மாவை உங்களுக்கு..."

"தெரியும் மிஸ்."

"நான் கேட்டு முடிக்கவில்லை."

"பரவாயில்லை மிஸ். தெரியும்."

"வேறு சாத்தியங்கள்?"

"இல்லை மிஸ்."

"கட்டாயமாக?" அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. லிகிதர் பைலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். "இவருக்கு ஒரு தங்கை? இரட்டைப் பிறவி? ஒன்றுமில்லையா?"

"இது என் அத்தை மிஸ்" என்றேன். மிஸ் உடனே தலையைக் குனிந்து கையெழுத்து வைத்தார்.

முதல் தடவை நானா சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று இப்போதும் யோசிப்பதுண்டு. நான் இப்போது ஒரு பாடசாலையில் ஆசிரியை. யோசிக்க நேரம் கிடைக்கிறது. நானாவுக்கு அத்தையைத் தெரியும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கிழிந்த தாளில் இருப்பது யார் என்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, அத்தைக்கே தெரியாது. மிஸ் நானாவிடம் ஒன்றையும் என்னிடம் மற்றதையும் ஒரே கேள்வி மாதிரிக் கேட்டார். நானா முதல் பாதிக்குப் பதில் சொன்னார். நான் இரண்டாவது பாதிக்குப் பதில் சொல்கிறேன் என்று அத்தையையே இல்லாமல் ஆக்கப் பார்த்தேன். சூழல்வாதம் என் மடத்தனத்தை விளக்குகிறது. எட்டு மாதக் குழந்தை ஒன்று ஐம்பது வருடமாக அந்தத் தாளுக்குள் காத்திருந்ததை அது விளக்குவதாக எனக்குப் படவில்லை.

அத்தைக்குப் பன்னிரண்டாவது வீடு கிடைத்தது. அறுபத்துமூன்று படி. மாதம் ஒருமுறை காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து அதை ஏறுவது என் பொறுப்பு. அதை யாரும் எனக்கு விதிக்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் மூச்சு வாங்கி நிற்கும்போது அத்தை வாசலில் இருந்து, "என்னடி, மேல வந்துட்டியா, இன்னும் கீழதான் நிக்கிறியா? தெரியுமா?" என்பார். குடும்பத்தில் இப்போது எல்லாருக்கும் இது தொற்றிவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "சாப்புட்டியா?" என்றால், "சாப்புட்ட மாதிரி தோணுது" என்கிறார்கள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

அப்பாவுக்குக் கிடைத்தது வேறு. அத்தை ஏதாவது அதிகாரம் பண்ணினால், "நீ ரெண்டாவது. மூத்தவ சொல்லட்டும், கேக்குறேன்" என்கிறார். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது எல்லாரும் பயந்து அத்தையைப் பார்த்தோம். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அதுவும் என் பக்கம்தான் பேசும்" என்றார்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை இறந்தவர்களுக்குப் படைப்பது எங்கள் வழக்கம். புது வீட்டில் முதல் படையலின்போது தாத்தாவுக்கு, பாட்டிக்கு, மாமாவுக்கு என்று இலை போட்டுக் கறி, வடை எல்லாம் வைத்த பிறகு, அத்தை ஒரு சின்ன இலையை ஓரமாகப் போட்டார். குழைய வேகவைத்த சோற்றில் பருப்பை விட்டுக் கையால் பிசையத் தொடங்கினார். மிளகாய் இல்லை, உப்பும் கொஞ்சம்தான்.

"எட்டு மாசத்துல பல்லு மொளச்சிருக்குமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அம்மா, சில பிள்ளைக்கு முளைக்கும், சிலதுக்கு வருடம் ஆகும் என்றார். அப்பா தெரியாது என்றார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு."

அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. படம் இல்லை. பதிவேட்டில் ஒரு வரி மட்டும்தான்.

"கீழ ரெண்டு பல்லு இருந்துச்சு அத்தை" என்றேன்.

"தெரியுமா?"

"தெரியும்."

அத்தை என்னைப் பார்த்தார். ரெண்டு பல்லுக்கு இவ்வளவு மசிச்சது போதாது என்று சொல்லிக்கொண்டே, அந்தச் சோற்றை இன்னும் கொஞ்சம் மசித்தார்.